மாரிக்கு முன் ஒரு பை: நீரிழிவு உள்ளவர்களின் அவசரகால ஆயத்தம் பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் வன்னியில் எல்லோருடைய கண்ணும் குளத்துக் கட்டில்தான். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோதும், 2020 டிசெம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டித்வா ஆகிய புயல்கள் வந்தபோதும் கையில் அகப்பட்டதோடு வீட்டைவிட்டு இறங்கியவர்கள் பலர். அப்படி இறங்கும்போது சீனி வருத்தம் உள்ள ஒருவரின் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறார், மெற்போமின் குளிசையும் உண்டு. வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போக ஒரு பை ஆயத்தம் செய்ய நினைக்கிறேன். என்னென்ன, எவ்வளவு வைக்க வேண்டும்?
— வாசகி, முள்ளியவளை

பதில்: 14 நாளைக் கணக்காக வையுங்கள். தண்ணீர் நாலைந்து நாளில் வடிந்தாலும் தெரு திருந்தி, பஸ் ஓடி, தவறிய கிளினிக் நாளுக்குப் பதில் நாள் கிடைத்து மருந்து கைக்கு வர இரண்டு கிழமை போய்விடும்.

முதலில் கணக்கு. அம்மா காலையில் 24 அலகும் மாலையில் 16 அலகும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 அலகு, 14 நாளுக்கு 560 அலகு. ஒரு 10 மில்லிலீற்றர் குப்பியில் 1000 அலகு இருப்பதால் கணக்கின்படி ஒரு குப்பியே போதும். ஆனாலும் இரண்டு வேண்டும். கண்ணாடிக் குப்பி உழவு இயந்திரப் பெட்டியில் ஒருமுறை விழுந்தாலே முடிந்தது. சிறிஞ்சு நாளுக்கு இரண்டு வீதம் 28, ஆகவே பத்துப் பத்தாக வரும் பக்கற் மூன்று. மெற்போமின் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு மூன்று என்றால் 42. பிறஷர், கொலஸ்ரரோல் குளிசைகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளுக்கோமீற்றர், 50 ஸ்ரிப் உள்ள போத்தல் ஒன்று, விரலில் குத்தும் ஊசிகள், மீற்றருக்கு மாற்றுப் பற்றரி. பற்றரியின் இலக்கத்தை இப்போதே மீற்றரின் பின்மூடியைத் திறந்து பார்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் வட்டமான சிஆர் 2032தான், ஆனால் எல்லா மீற்றருக்கும் அதுவல்ல.

சீனி இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் மா 150 கிராம் வாங்கி, தட்டில் கொட்டிச் சமமாகப் பத்துப் பங்காக்கிச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் கட்டிவிடுங்கள். ஒரு பொட்டலம் 15 கிராம், ஒரு தடவைக்குச் சரியான அளவு. இருட்டில் கரண்டி தேடி அளக்கத் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு மாரி பிஸ்கற், கிரீம் கிறாக்கர், வறுத்த கடலை, கச்சான். பல் நன்றாக இருந்தால் புழுக்கொடியலும் நல்லது. காய்ந்தபடி மாதக்கணக்கில் கெடாது, அவிக்கவும் வேண்டாம். ஜீவனிப் பக்கற் (வயிற்றோட்டத்தில் இழந்த நீருக்காகக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) நாலு, கொதித்தாறிய தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் என்ற கணக்கில் தூக்கக்கூடிய அளவு. துணிப்பட்டி, ஒட்டுப் பிளாஸ்ரர், சவர்க்காரம், சின்ன ரோச் லைற்.

இனிக் கடதாசி. கிளினிக் கொப்பியைப் பையில் வைத்தால் கிளினிக்குக்குப் போகும்போது எடுத்து, பிறகு திருப்பி வைக்க மறந்துபோகும். அதன் கடைசிப் பக்கத்தைப் போட்டோ பிரதி எடுத்து, அடையாள அட்டைப் பிரதியோடு லேமினேற் பண்ணிப் பையில் போடுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் ஆகியவை ஒரு தாளில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவம், இரண்டையும் அதிலேயே எழுதுங்கள். தொலைபேசி நனைந்துவிட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

பை தோளில் இரண்டு பக்கமும் மாட்டும் பள்ளிக்கூடப் பையாக இருக்கட்டும். கைப்பை வேண்டாம், இரண்டு கையும் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேவைப்படும். பையை நம்பி மருந்தைச் சும்மா போடாமல், குளிசையையும் மீற்றரையும் திருகுமூடி உள்ள அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் போத்தலில் இறுக்கி மூடி வையுங்கள். சொப்பிங் பையை முடிந்து வைத்தால் தண்ணீர் உள்ளே போகும். உரப் பையின் உட்பொலித்தீன் நன்றாகத் தண்ணீர் தாங்கும் என்று சிலர் எடுக்கிறார்கள். அதில் உரம் ஒட்டியிருக்கும், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அது ஆகாது.

கடைசியாக ஒன்று, இதில்தான் அதிகம் தவறுகிறது. இன்சுலின் இந்தப் பையில் இராது, அது பிரிட்ஜில் இருக்கும். அவசரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இன்சுலினை விட்டுவிட்டுப் போவார்கள். பையின் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டி, ‘பிரிட்ஜில் இன்சுலின்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தத் துணியின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு மெற்போமின் குளிசை மட்டும்தான். எனக்கும் இவ்வளவும் வேண்டுமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். 14 நாள் குளிசை, மருந்துத் தாள், ஜீவனி, செருப்பு, சாப்பாடு போதும். மெற்போமின் தனியாகப் பொதுவாகச் சீனியை அபாயமாக இறக்காது. ஆனால் வெள்ளத்தோடு வயிற்றோட்டமோ தொடர் வாந்தியோ வந்தால் மெற்போமினைத் தொடர்ந்து விழுங்காதீர்கள். உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் தளரும் நேரத்தில் அது இரத்தத்தில் தேங்கி அமிலத்தைக் கூட்டக்கூடும். எம்பாகிளிபுளோசின் போன்ற குளிசைகளுக்கும், சில பிறஷர் குளிசைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ‘வாந்தி, வயிற்றோட்டம் என்றால் எதை நிறுத்த, எதைத் தொடர’ என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுத் தாளில் எழுதுவியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் தாங்களாக அதை நிறுத்தவே கூடாது.

கேள்வி: கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் மருந்து தருகிறார்கள். 14 நாள் மேலதிகமாக எங்கிருந்து எடுப்பது? அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போட்டுச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.
— வாசகர், துணுக்காய்

பதில்: அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளம் வருமோ வராதோ தெரியாது. சீனி ஏறுவது நிச்சயம்.

செய்யக்கூடியது இது. ஆவணி, புரட்டாதி மாதக் கிளினிக்கில் வைத்தியரிடம், ‘எங்கள் பகுதி மாரியில் துண்டிக்கப்படும், இரண்டு கிழமைக்கு மேலதிகமாக எழுதித் தர முடியுமா’ என்று நேரடியாகக் கேளுங்கள். வைத்தியசாலையில் இருப்பு இருந்தால் கிடைக்கக்கூடும். இல்லாவிட்டால் தனி மருந்துச்சீட்டு வாங்கி ஒசுசலவிலோ பாமசியிலோ எடுங்கள். ஒரே தடவையில் பணம் முடியாது என்றால் மாதம் ஒரு கிழமைக்குரியதாக இரண்டு மாதத்தில் சேர்த்துவிடலாம். வாங்கும்போது காலாவதித் திகதியைப் பார்த்து, ஒரு வருடமாவது மீதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சேர்த்த பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. பையில் போட்ட மருந்தை அங்கேயே கிடக்க விடாதீர்கள். ஒவ்வொரு கிளினிக் நாளும் புதிதாக வந்த மருந்தில் 14 நாளுக்குரியதைப் பைக்குள் வையுங்கள், பையில் இருந்த பழையதை வெளியே எடுத்து அன்றிலிருந்து விழுங்குங்கள். செலவு ஒருமுறைதான், பிறகு பை தானாகப் புதிதாகிக்கொண்டே இருக்கும். இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. வைத்தியர் அளவை மாற்றினால் பைக்குள்ளும் அதே நாளில் மாறிவிடும். மூன்று வருடத்துக்கு முந்திய அளவு எழுதிய தாளும் கைவிட்ட குளிசையும் கிடக்கும் பை, பை இல்லாததைவிட ஆபத்தானது. முகாமில் உங்களைத் தெரியாத ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்து தருவார்.

குளிசைகளை அட்டையிலிருந்து உடைத்து ஒன்றாகக் கலந்து வைக்க வேண்டாம். ஈரக்காற்றில் சில கசிந்துவிடும், பெயரும் தெரியாது. வெட்டி எடுக்கும்போது பெயரும் திகதியும் உள்ள பக்கத்தை விட்டு வெட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்து எடுக்கிறோம். மின்சாரம் போனால், அல்லது முகாமுக்குப் போனால் எப்படி வைப்பது? ஐஸ் பெட்டியில் போடலாமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். திறந்து பாவிக்கும் குப்பியை 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் வெளியே 4 கிழமை வைக்கலாம். ஆகவே மின்சாரம் இரண்டு நாள் போய்விட்டது என்பதற்காக இன்சுலினை எறிந்துவிட வேண்டாம். கென்யாவின் டடாப் அகதி முகாமின் வெப்பநிலையைக் கொண்டு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் 4 கிழமை வைத்த இன்சுலின் குளிரில் வைத்ததற்கு ஈடாகவே வீரியத்தோடு இருந்தது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும், தகரக் கூரைக்குக் கீழ் மேல்தட்டிலும், அடுப்புப் பக்கத்திலும் இந்தக் கணக்குச் செல்லாது.

வெப்பத்தைவிட ஐஸ்தான் உடனடிப் பகை. உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் பழுதுதான், பார்வைக்கு எப்போதும் தெரியாது. கடற்கரைப் பக்கம் மீனுக்குப் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டி நல்லதுதான், ஆனால் குப்பியை ஐஸின் மேல் வைக்காதீர்கள். ஐஸை ஒரு பையில் கட்டி அடியில் வைத்து, அதன் மேல் தடித்த துவாயை நாலாக மடித்துப் போட்டு, குப்பியைச் சின்ன மூடிபோட்ட டப்பாவில் இட்டு அதற்கு மேல் வையுங்கள். பிரிட்ஜிலும் ஐஸ் தட்டுக்குக் கிட்டவோ பின்சுவரை முட்டியோ வைக்க வேண்டாம். கதவுத் தட்டில் வைக்கலாம்.

ஐஸ் இல்லாவிட்டால் மண்பானை. ஒரு பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி மணலை நனையுங்கள். இன்சுலினை மூடி இறுக்கிய டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் வாயை மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிரும். இதிலிருந்தே அதன் பலவீனமும் விளங்கும். சோளகம் வீசும் வறண்ட கோடையில் பானை நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரம், ஆவி பறக்காது, பானைக்குள்ளும் வெளியிலும் பெரிய வித்தியாசம் இராது. நல்லவேளையாக மாரியில் வெளிவெப்பமும் குறைவு. மழைநாளில் நிழலான இடத்தில் டப்பாவில் வைத்திருந்தாலே போதும். பானையைப் பங்குனி முதல் புரட்டாதி வரை கைவிடாதீர்கள்.

ஊசி போடுமுன் ஒவ்வொரு தடவையும் குப்பியைப் பாருங்கள். தெளிந்த இன்சுலின் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். 30/70 கலவையை உள்ளங்கைகளுக்கிடையில் பத்துத் தடவை மெதுவாக உருட்டினால் ஒரே சீராகப் பால் மாதிரி வரவேண்டும். குலுக்க வேண்டாம். கட்டி மிதந்தால், குப்பிச் சுவரில் பனி படிந்தமாதிரி வெள்ளை ஒட்டினால், தெளிந்தது கலங்கியிருந்தால் பாவிக்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் வழமையான அளவுக்குச் சீனி இறங்கவில்லை என்றால் முதலில் குப்பியையே சந்தேகியுங்கள். திறந்த திகதியை லேபலில் பேனையால் எழுதும் பழக்கம் இதற்குத்தான்.

கேள்வி: இந்தியாவில் இருந்து வந்த உறவினர் இன்சுலினும் சிறிஞ்சும் கொண்டுவந்து தந்தார். அவசரப் பையில் வைக்கலாமா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: லேபலைப் பார்க்காமல் வைக்க வேண்டாம். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது மிக நல்லது.

நமது கிளினிக்குகளில் தருவது ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு உள்ள இன்சுலின், அதற்குரிய சிறிஞ்சின் மூடி செம்மஞ்சள். இந்தியாவில் விற்கும் குப்பிகளில் பல ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ளவை, அவற்றின் சிறிஞ்சு மூடி சிவப்பு. இரண்டும் கலந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் அளவு 20 அலகு என்போம். 40இன் குப்பியிலிருந்து செம்மஞ்சள் மூடிச் சிறிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 அலகு மட்டும். சீனி ஏறிக்கொண்டே போகும். மறுபக்கமாக, நமது 100இன் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் போவது 50 அலகு. அது உயிரை எடுக்கும் அளவு.

இருட்டில், நெரிசலில், வேறொருவர் ஊசி போட்டுவிடும் இடத்தில் இந்தக் கணக்கை யாரும் போடமாட்டார்கள். ஆகவே பையில் ஒரே வகைதான் இருக்க வேண்டும். சிவப்பு மூடிச் சிறிஞ்சுகளை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். கொண்டுவந்த குப்பியைக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். எத்தனை நாள் எந்தச் சூட்டில் பயணப்பட்டு வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்ரிப் காலாவதியாகி இரண்டு மாதம். எறிய மனமில்லை. பாவித்தால் என்ன?
— வாசகி, பரந்தன்

பதில்: பிழையான எண்ணைக் காட்டும், அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் மருந்தைக் கூட்டுவீர்கள் அல்லது குறைப்பீர்கள். எறிந்துவிடுங்கள். காலாவதியாகாத ஸ்ரிப்பையும் ஈரம் கெடுக்கும். ஒன்றை எடுத்த கையோடு மூடியை அடையுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், பிரிட்ஜில் வைக்காதீர்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்று போத்தலிலேயே போட்டிருக்கும். பிஸ்கற்றோ பழமோ தொட்ட விரலில் குத்தினாலும் எண் கூடிக் காட்டும். கையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டுக் குத்துங்கள்.

கேள்வி: சென்ற மாரியில் பாடசாலை முகாமில் இருந்தோம். காலைச் சாப்பாடு சில நாள் பத்து மணிக்கு, சில நாள் பதினொன்றுக்கு. மாமி வழமைபோல ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு வியர்த்து மயங்கிவிட்டார். என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, கண்டாவளை

பதில்: முகாமில் ஊசிக்கு மணிக்கூடு இல்லை, சாப்பாட்டுத் தட்டுத்தான் மணிக்கூடு. வீட்டில் கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் போடச் சொல்வது அடுப்பு நம் கையில் இருப்பதால். முகாமில் சமைத்த உணவு வந்து, தட்டு மாமியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊசி. ‘இப்ப வருது’ என்ற சொல்லை நம்பி ஊசி போடாதீர்கள். கிளிக்கிளசைட், ரொல்பியூற்றமைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளுக்கும் இதே விதி.

ஊசி ஏறிவிட்டது, சாப்பாடு வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பையில் உள்ள மாரி பிஸ்கற் நாலு, ஏறத்தாழ 15 கிராம் மாச்சத்து, உடனே கொடுங்கள். அரை மணிக்கும் சாப்பாடு இல்லையென்றால் இன்னும் நாலு.

அரைச் சாப்பாடு கிடைத்தால் எவ்வளவு இன்சுலின் குறைப்பது, சாப்பாடே இல்லையென்றால் என்ன என்பதை ஆளுக்கு ஆள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அதை வெள்ளத்தன்று தேடக்கூடாது. மருந்துத் தாளில் மூன்று வரிக்கு இடம் விட்டுக் கிளினிக்கில் இப்போதே கேட்டு நிரப்புங்கள்: முழுச் சாப்பாடு, அரைச் சாப்பாடு, சாப்பாடு இல்லை.

முகாமில் வரும் உணவு பெரும்பாலும் சோறும் பருப்பும், இல்லாவிட்டால் பாணும் சம்பலும், இடையில் சீனி போட்ட தேத்தண்ணி. தருவதை மறுக்க வேண்டியதில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டிக் கேளுங்கள், கையிலுள்ள கடலையைச் சேருங்கள், தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாகக் கேளுங்கள். சீனி சிறிது கூடி நிற்பதால் ஒரு கிழமையில் பெரிய கேடில்லை, திடீரென்று இறங்குவதுதான் அந்த நேரத்தில் கேடு. முகாமுக்குப் போன முதல் நாளே கிராம சேவையாளரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ‘இன்சுலின் போடும் ஆள் இருக்கிறார்’ என்று பதிவு செய்யுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்தால் அவர்களுக்கு முதலில் பரிமாறச் சமையல் குழுவிடம் கேட்கலாம்.

பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். முகாமில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். சிறிஞ்சு தீர்ந்துவிட்டால் தன்னுடையதைத் தானே மறுபடி பாவிப்பது கடைசி வழி. இன்னொருவருடையதை வாங்கவோ கொடுக்கவோ ஒருபோதும் கூடாது.

கேள்வி: கணவர் இரவில் யானைக் காவலுக்கு வயலுக்குப் போகிறார். கிளிக்கிளசைட் குளிசை. ஒருநாள் விடியற்புறம் உளறிக்கொண்டிருந்தாராம், கூட இருந்தவர்கள் குடித்துவிட்டார் என்று நினைத்தார்களாம்.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அது சீனி இறங்கியதாக இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு. மாலையில் குளிசையும் சாப்பாடும், பிறகு இரவெல்லாம் நடையும் விழிப்பும், அடுத்த சாப்பாடு விடிந்த பிறகு. நடுச்சாமத்துக்குப் பின் இறங்குவதற்கு எல்லாம் பொருந்தி நிற்கிறது. கள்ளோ சாராயமோ சேர்ந்தால் ஈரல் சீனியை வெளிவிடுவதும் தடைப்படும், இன்னும் ஆழமாக இறங்கும்.

அவருக்குப் பெரிய பை தேவையில்லை, சட்டைப்பை போதும். மூன்று குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். பரணில் தொங்கும் பையில் இருந்தால் கீழே நிற்கும்போது பயனில்லை. வியர்வை, நடுக்கம், அகோரப் பசி, தடுமாற்றம் தெரிந்ததும் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் இருக்க வேண்டும். மீற்றர் இருந்தால் 70க்குக் (mg/dl) கீழ் என்று காட்டும். இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் குடியுங்கள். தெளியாவிட்டால் இன்னொன்று. தெளிந்தபின் பிஸ்கற்றோ சோறோ கட்டாயம் சாப்பிட வேண்டும், கிளிக்கிளசைட் உடம்பில் நின்று மறுபடி இறக்கும். தெளியுமுன் பரணிலிருந்து இறங்குவதோ மோட்டார்ச் சைக்கிள் எடுப்பதோ கூடாது. குளுக்கோஸ் இல்லையென்றால் மட்டமாக நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். பனங்கட்டியும் உதவும், ஆனால் கடித்து மென்று கரைய நேரமெடுக்கும், தூளாக்கிக் கொண்டுபோங்கள். சொக்கலேற்றில் உள்ள கொழுப்புச் சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். அற்றெனோலோல் போன்ற பிறஷர் குளிசை எடுப்பவருக்கு நடுக்கம் தெரியாமல் போகலாம், வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

கூட இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் இரவுக் காவல் வேலை பற்றி வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். குளிசையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கும்.

கேள்வி: வெள்ளத்தில் நடந்தபின் அப்பாவின் கால்விரலிடையில் புண். மஞ்சள் அரைத்துப் பூசினோம். வேறென்ன பையில் வைக்கலாம்?
— வாசகர், விசுவமடு

பதில்: மஞ்சளை இன்றே கழுவிவிட்டுப் புண்ணை வைத்தியசாலையில் காட்டுங்கள். நீரிழிவுக் காலில் உணர்வு குறைந்திருப்பதால் நோவு இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல. பூசிய பூச்சுக்குக் கீழே சீழ் பிடிப்பது வெளியே தெரியாது.

பையில் குதியில் பட்டி உள்ள செருப்பு ஒரு சோடி வையுங்கள். பாட்டா செருப்பு சேற்றில் கழன்றுபோகும், விரலிடைப் பட்டி உரசிப் புண்ணும் ஆக்கும். பருத்திக் காலுறை இரண்டு சோடி, சின்னத் துவாய், கையளவு கண்ணாடி. தண்ணீரை விட்டு ஏறியதும் சவர்க்காரத்தால் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, கண்ணாடியால் உள்ளங்காலைப் பாருங்கள். குளிர் என்று காலைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது. போடுமுன் செருப்பையும் சப்பாத்தையும் தட்டுங்கள். வயல்வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. காலில் கீறல் உள்ளவர் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வெள்ளம் பழைய வெடிபொருட்களை இடம்மாற்றும் மண் இது, தெரிந்த பாதையை விட்டு விலக வேண்டாம்.

கேள்வி: சீனியோடு சிறுநீரக வருத்தமும் இருக்கிறது. இளநீர், ஜீவனி குடிக்கலாமா?
— வாசகர், வவுனியா

பதில்: இளநீரில் பொற்றாசியம் கூட, உங்களுக்கு அது ஆகாமல் போகலாம். நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற அளவையும், ஜீவனி பற்றியும் உங்கள் சிறுநீரகக் கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள். உடம்பு நோவுக்கு டைக்குளோபெனாக் போன்ற குளிசையை முகாமில் யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 10 வயது, முதலாம் வகை நீரிழிவு, எடை 30 கிலோ. பாடசாலை ஆறு கிலோமீற்றர் தூரம். மழைநாளில் பஸ் வராமல் மாலைவரை நின்றிருக்கிறாள். அவளுக்கு என்ன கொடுத்தனுப்புவது?
— தாய், மல்லாவி

பதில்: இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று மகளின் பையில், மற்றது வகுப்பாசிரியரின் அலுமாரியில்.

பிள்ளைக்குக் குளுக்கோஸ் அளவு கிலோவுக்கு 0.3 கிராம், ஆகவே 30 கிலோவுக்கு 9 கிராம். அந்த அளவில் ஆறு பொட்டலம் கட்டி மூன்று மூன்றாக இரண்டிலும் வையுங்கள். பிஸ்கற் ஒரு பக்கற், தண்ணீர்ப் போத்தல், மீற்றர். மாலை ஊசி நேரம் தவறாமலிருக்க அன்றைய இன்சுலினும் சிறிஞ்சும் துணியில் சுற்றிய டப்பாவில் மகளின் பையிலேயே இருக்கட்டும். பொட்டலத்தில் ‘15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொன்று’ என்று எழுதி ஒட்டுங்கள். ஆசிரியருக்கு ஒரு தாள் கொடுங்கள்: சீனி இறங்கினால் இவள் எப்படி இருப்பாள், சிடுசிடுப்பாளா, பேசாமல் குந்தியிருப்பாளா, எழுத்துக் கோணுமா. அது தாய்க்குத்தான் தெரியும். மலசலகூடத்துக்கும் தண்ணீருக்கும் கேட்டவுடன் விட வேண்டும், சீனி இறங்கியபின் அவளைத் தனியாக எங்கும் அனுப்பக்கூடாது என்றும் அதில் எழுதுங்கள்.

வாந்தி, வயிற்றுநோ, ஆழமாக இழுத்து மூச்சுவிடுதல், மூச்சில் பழவாசம் ஆகியவற்றில் எது கண்டாலும் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், தெரு மூடியிருந்தால் 117க்கோ 1990க்கோ அழையுங்கள். இன்சுலின் குறைந்து இரத்தத்தில் அமிலம் கூடும்போது இப்படி வரும், மணிக்கணக்கில் முற்றிவிடும். சிறுநீரில் இந்த அமிலத்தை, அதாவது கீற்றோனை, பார்க்கும் ஸ்ரிப் ஒரு போத்தல் வீட்டுப் பையில் இருக்கட்டும்.

ஆசிரியரின் அலுமாரியில் உள்ளதை ஒவ்வொரு தவணை தொடங்கும் நாளும் நீங்களே போய் மாற்றுங்கள். ஈரத்தில் குளுக்கோஸ் மா கட்டிபடும், பிஸ்கற் எலிக்குப் போகும், வகுப்பாசிரியரும் மாறியிருப்பார்.